குஞ்சுகள் படுத்திருக்கும் விதம்

குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் இடம்தான் புரூடர். நல்ல புரூடரைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். கொட்டகை வாசலில் நின்றால் உள்ளிருந்து ஒரு மெல்லிய சலசலப்பு வரும். இருநூறு முந்நூறு குஞ்சுகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தமக்குத் தாமே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அதில் அவசரம் இருக்காது. ஓர் ஓரத்தில் ஒரே ஒரு குஞ்சு உரக்க, இழுத்து, இறங்கும் சுருதியில் கத்தினால் அது கூட்டத்தை விட்டு விலகிப்போன குஞ்சு. கொட்டகை முழுக்க அப்படிக் கத்தினால் சூடு போதவில்லை. சத்தமே இல்லாமல் கிடந்தால் அதைவிட மோசம்: சூடு மிஞ்சி, அலகைத் திறந்து, சிறகைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருக்கின்றன. பழகிய ஆள் கதவில் கை வைக்கும் முன்னே இந்த மூன்றையும் பிரித்துவிடுவார். உள்ளே போவது தன் தீர்ப்பைச் சரிபார்க்க மட்டும்தான்.

திருவனந்தபுரத்துக்காரர்களைக் கேட்டால் குடப்பனக்குன்னு என்பது கலெக்டர் அலுவலகமும் தூர்தர்ஷனும் இருக்கும் மேடு. கோழி வளர்ப்பவர்களுக்கு அது அரசின் மண்டலக் கோழிப்பண்ணை இருக்கும் இடம். நகரத்துக்குள்ளேயே பேட்டையில், 1989-இல் தொடங்கிய கெப்கோ என்னும் மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகத்தின் தலைமையகம். இந்த இரண்டைச் சுற்றியும், நெடுமங்காடு, நெய்யாற்றின்கரை, ஆற்றிங்கல் பக்கங்களிலும் வீட்டுப் பின்கட்டில் ஓலையோ ஓடோ போட்ட கொட்டகைகளில் ஒரு கலை நடந்துகொண்டிருக்கிறது. அதை யாரும் கலை என்று சொல்வதில்லை. செய்பவர்களும் சொல்வதில்லை. 'எக்கர் நர்சரி' என்று பலகை மட்டும் தொங்கும்.

எக்கர் நர்சரி கேரளத்தில் வேரூன்றிய ஏற்பாடு. பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சை நேரே வீட்டுக்காரரிடம் கொடுத்தால் பாதி தங்காது. அதனால் கால்நடைத் துறையின் அங்கீகாரம் பெற்ற சிறு பண்ணையாளர்கள் அவற்றை எடுத்து, தடுப்பூசி போட்டு, நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் வரை வளர்த்து, பஞ்சாயத்துத் திட்டங்கள் வழியாக வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமி, துறை பரவலாக வழங்கும் கிராமஸ்ரீ, வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸின் பழுப்பு முட்டையிடும் பி.வி.380 என்று எந்த இனமானாலும் அதன் வாழ்க்கையின் மிக ஆபத்தான பகுதி இந்தக் கொட்டகையில்தான் கழிகிறது. அதிலும் முதல் பத்து நாள்.

ஏன் ஆபத்து? ஒரு நாள் குஞ்சு முப்பத்தைந்து, நாற்பது கிராம். வளர்ந்த கோழியின் உடல்சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். குஞ்சுக்கு அதைவிட ஓரிரு டிகிரி குறைவு. அதையும் தானாகக் காத்துக்கொள்ளும் சக்தி இன்னும் வரவில்லை. பார்க்க அழகாக இருக்கும் அந்த மஞ்சள் பஞ்சு ஈரம் பட்டால் ஒன்றுக்கும் உதவாது. உண்மையான இறகு முளைத்து உடம்பை மூட மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு சேமிப்போடுதான் குஞ்சு உலகத்துக்கு வருகிறது. ஓட்டை உடைக்கும் முன் மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்குவது அதனால்தான். பல்லடத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் துளையிட்ட அட்டைப்பெட்டிகளில் குஞ்சுகள் ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி வர முடிவதும் அந்தச் சேமிப்பின் தயவில்தான்.

அடைக்கோழி இருக்கும் வீட்டில் இந்தக் கவலை எதுவும் இல்லை. அவள் இருபத்தொரு நாள் முட்டைமேல் உட்கார்ந்து, நெஞ்சில் இறகு உதிர்ந்த வெறும் தோலை முட்டையோடு ஒட்டவைத்துப் பொரித்து, குஞ்சுகளைச் சிறகுக்கடியில் வைத்துக்கொள்கிறாள். கவனித்துப் பார்த்தால், அவள் குஞ்சுகளை எப்போதும் அடைத்து வைப்பதில்லை. குஞ்சு வெளியே வரும், நான்கு கொத்து கொத்தும், உடம்பு சில்லிட்டதும் ஓடிப்போய்ப் புகுந்துகொள்ளும். மறுபடி வெளியே வரும். ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனையோ முறை. அவள் தருவது சூடு மட்டுமல்ல. சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே குஞ்சு தன் இஷ்டப்படி போய்வர ஒரு வாசல். புரூடர் வைக்கத் தெரிந்தவர்கள் இந்த வாசலைத்தான் கட்டுகிறார்கள். தெரியாதவர்கள் அடுப்பு கட்டுகிறார்கள்.

அந்தத் தாய் ஏன் இல்லாமல் போனாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஆண்டுக்கு இருநூற்றெண்பது, முந்நூறு முட்டை வேண்டும் என்று இனம் பிரித்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அடை உட்காராத பெட்டைகளையே தெரிந்தெடுத்தார்கள். வெள்ளை லெகார்னுக்குத் தாய்மை கிட்டத்தட்ட மறந்தே போய்விட்டது. அவளுடைய முட்டையைப் பொறி பொரிக்கிறது; அவளுடைய குஞ்சுக்கு விளக்குதான் சிறகு. முட்டைக்கூடையை நிரப்பிய அதே தேர்வுதான் புரூடரையும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

யோசனை புதிதல்ல. பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1749-இல் செயற்கைப் பொரிப்பு பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். சாணக்குவியலின் சூட்டில் முட்டை பொரிப்பதை ஆராய்ந்தவர், பொரித்த குஞ்சுகளுக்கு ஒரு 'செயற்கைத் தாய்' செய்தார்: உட்புறம் ஆட்டுத்தோல் வைத்த பெட்டி. குஞ்சின் முதுகில் மென்மையாக ஏதோ படவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். நூற்றைம்பது வருடம் நெருங்கும் முன் இன்னொரு விந்தை நடந்தது. பாரிஸில் மகப்பேறு மருத்துவர் தார்னியே, விலங்குக் காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சுகளுக்கு வைத்திருந்த சூட்டுப்பெட்டியைப் பார்த்து, அதேபோல் ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்யச் சொன்னார். 1880-களின் தொடக்கத்தில் அது மருத்துவமனையில் வேலை செய்தது. மனிதக் குஞ்சுக்கு இன்குபேட்டர் வந்தது கோழிக்குஞ்சின் வழியாகத்தான்.

நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே நான் போய்ப் பார்க்கும் நர்சரி ஒன்று இருக்கிறது. நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய பெண். ஊரில் எல்லோருக்கும் சேச்சி, எனக்கும் சேச்சி. எல்லையோரத்து ஊர் என்பதால் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்து நான் ஏதோ சொல்லப்போக, "அது சுவரோட சூடு சாரே, குஞ்சோட சூடு இல்ல" என்றார். புத்தகம் சொல்லும் கணக்கு அவருக்கும் தெரியும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைப்பது. ஆனால் அந்த 35 எங்கே அளக்கப்பட வேண்டும் என்பதுதான் விஷயம்: விளக்குக்கு நேர் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில். ஆள் உயரத்தில் தொங்கும் கருவி ஆளுக்குத்தான் உதவும்.

அவர் கொட்டகையில் மூலையே கிடையாது. ஒன்றரை அடி உயரத் தகட்டை வளைத்து ஐந்தடி விட்டத்தில் வட்டமாக நிறுத்தியிருப்பார். உள்ளே இருநூற்றைம்பது குஞ்சு. நடுவில் விளக்கு, தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில், கயிற்றில் ஏற்றி இறக்கும்படி. வட்டம் ஏன் என்றால், பயந்த குஞ்சு மூலையைத் தேடிப்போகும். ஒன்று போனால் பத்து போகும், பத்தின் மேல் நூறு ஏறும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று பழமொழி உண்டு. குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். காலையில் வந்து பார்த்தால் அடியில் தட்டையாக இருபது கிடக்கும். சதுர அட்டைப்பெட்டியில் வளர்ப்பவர்கள் நான்கு மூலையையும் அட்டைத் துண்டால் வளைத்து மறைத்துவிட்டால் போதும், பாதிச் சாவு குறையும்.

இனி, இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்த காட்சி. விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தடுப்பின்மேல் எட்டிப் பார்க்க வேண்டும். விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் குளிர், விளக்கைத் தாழ்த்து. விளக்கைச் சுற்றி வெற்றிடம் விட்டுத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் சூடு, உயர்த்து. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து பிறை மாதிரி கிடந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. எங்கோ ஓர் ஓட்டை, அதைத் தேடு. சரியான புரூடரில் குஞ்சுகள் வட்டம் முழுக்கப் பரவியிருக்கும். சில தின்னும், சில குடிக்கும், சில ஓடும், சில ஒரு காலையும் ஒரு சிறகையும் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். தூங்குபவை கழுத்தை நீட்டித் தரையில் மோவாய் வைத்துச் செத்ததுபோல் கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவது இந்தத் தூக்கத்தைக் கண்டுதான். தெரிந்தவர்களுக்கு இதைவிட நிம்மதியான காட்சி இல்லை. அந்த அளவுக்குக் கைகால் தளர்த்தித் தூங்குகிறதென்றால் அதற்குச் சூடும் சரி, வயிறும் சரி.

அந்தப் பரவலில் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் அதிகச் சூடு, ஓரத்தில் குறைவு. புதிதாக வந்த, பலவீனமான குஞ்சு நடுவுக்கு நெருக்கமாக இருக்கும். வலுவானது ஓரத்தில் சுற்றும். யாருக்கு எவ்வளவு என்பதை வளர்ப்பவர் தீர்மானிக்கவில்லை, குஞ்சே தீர்மானிக்கிறது. கொட்டகை முழுவதையும் ஒரே சூட்டில் வைக்கும் பெரிய பண்ணை முறையை நான் குறை சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் அதில் குஞ்சுக்குத் தேர்வு இல்லை. அங்கே கணினி தவறினால் எல்லாமே தவறு. இங்கே விளக்கு கொஞ்சம் தவறாக இருந்தாலும் குஞ்சு இரண்டடி நகர்ந்து அதைத் திருத்திக்கொள்ளும்.

திருவனந்தபுரத்தில் இந்தக் கலைக்குத் தனிக் குணம் ஒன்று வந்துவிடுகிறது. குளிர் இங்கே எதிரியே அல்ல. சித்திரை மத்தியானம் வெளியே 33 டிகிரி இருக்கும். முதல் வாரக் குஞ்சுக்கு வேண்டியதில் இரண்டே டிகிரி குறைவு. அந்த நேரத்தில் விளக்கை அணைக்காமல் விடுபவர் குஞ்சைச் சுடுகிறார். மழைக்காலத்து இரவுகூட 23-க்குக் கீழே அதிகம் இறங்காது. ஊட்டிக்காரர் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார். வெளிநாட்டுக் கையேடுகள் முதல் நாட்களில் கொட்டகைக் காற்றில் அறுபது, எழுபது விழுக்காடு ஈரம் இருக்க வேண்டும், குறைந்தால் தண்ணீர் தெளியுங்கள் என்று எழுதியிருக்கும். இங்கே அதைப் படித்தால் சிரிப்பு வரும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காய்ந்த சட்டையே நமத்துப்போகும் ஊர் இது. இங்கே கலையின் பாதி விளக்கில் இருக்கிறது, மறுபாதி தரையில்.

தரையில் விரிக்கும் பொருளைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. உமி, மரத்தூள், இழைப்புளிச் சுருள், தேங்காய் நார்த்தூள் என்று நாலு கட்சி. உமி மலிவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சாது, வழியவிடும். மரத்தூள் நன்றாக உறிஞ்சும். மிக நுண்ணியது என்றால் பசித்த குஞ்சு அதைத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும், தூசியும் பறக்கும். நார்த்தூள் இந்தக் கடற்கரை ஊர்களின் சொத்து. தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், தொட்டால் மெத்தை. அதன் குறையும் அதுதான்: குடித்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. வெயில் நாளில் அது ராஜா. மூன்று நாள் அடைமழையில் சேறு. என் வாக்கு இழைப்புளிச் சுருளுக்கு. தச்சுப்பட்டறையில் புதிதாகச் சீவியது, நன்றாக வெயிலில் காய்ந்தது, இரண்டு அங்குலத் தடிமனில். உறிஞ்சவும் செய்யும், கிளறினால் உலரவும் செய்யும், குஞ்சின் காலுக்குப் பிடிமானமும் தரும். அதன் மணத்தைப் பற்றிச் சொன்னால் பாரபட்சம் என்பார்கள்.

எதை விரித்தாலும் சோதனை ஒன்றுதான். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம். புழுதியாகப் பறந்தால் அளவுக்கு மீறிய உலர்வு. லேசாகச் சேர்ந்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் சரி. அதோடு ஒரு வேலை: முழங்காலிட்டு, முகத்தைக் குஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சிழுக்க வேண்டும். நிற்கும்போது தெரியாத அமோனியா நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். நமக்கு ஒரு நிமிடம் கரிப்பது குஞ்சுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் கரிக்கிறது. அதன் மூச்சுக்குழாயின் மேல்பூச்சு அப்படித்தான் அரிபட்டு, அடுத்து வரும் நோய்க்கு வழி விடுகிறது. கொட்டகை பார்க்க வரும் பெரிய மனிதர்களில் முழங்காலிடுபவர் யார் என்று சேச்சி கவனிப்பாராம்.

ஈரத்தில் பிறக்கும் நோய்கள் இரண்டு. ஒன்று ரத்தக்கழிச்சல், காக்சிடியோசிஸ். ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் உயிரியின் வேலை. எச்சத்தோடு வெளியே விழும் அதன் முட்டை போன்ற உறை காய்ந்த தரையில் கிடந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது. சூடும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஓரிரு நாளில் வீரியம் பெற்றுவிடும். மூன்று நான்கு வாரக் குஞ்சு சிறகைத் தொங்கவிட்டுக் குறுகி நிற்கும், எச்சத்தில் ரத்தம் போகும். மருந்து உண்டு, ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். ஆனால் அதற்குள் நாலைந்து போயிருக்கும். இன்னொன்று பூஞ்சணம். பூசணம் பிடித்த உமியிலிருந்து ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் நுரையீரலுக்குள் போய் முடிச்சு முடிச்சாக வளரும். அதற்குப் 'புரூடர் நிமோனியா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு மருந்து கொடுத்துப் பயனில்லை. உமியை விரிக்கும் முன் முகர்ந்து பார்ப்பதுதான் சிகிச்சை. தண்ணீர்க் குடுவையைச் சுற்றி நனையும் ஒரு சாண் வட்டத்தைத் தினமும் அள்ளி எறிந்து, காய்ந்ததைப் போட்டு, சுண்ணாம்பு தூவிக் கிளறிவிடுபவரின் கொட்டகையில் இரண்டுமே எட்டிப் பார்க்காது. அந்த ஒரு சாண் வட்டத்தைப் பார்த்தாலே வளர்ப்பவரின் தரம் தெரிந்துவிடும்.

விளக்கைப் பற்றி ஒரு வேடிக்கை. குண்டு பல்பு மின்சாரத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சூடாக வீணாக்குகிறது என்பதுதான் அதன்மேல் உலகம் வைத்த குற்றச்சாட்டு. புரூடரில் அந்த வீண்தான் வேண்டியது, வெளிச்சம் உபரி. குஞ்சுக்கு ஒரு வாட், மழைக்காலத்தில் இரண்டு வாட் என்று எளிய கணக்கு வைத்துக்கொண்டு தலைமுறையாக வளர்த்தார்கள். கேரள அரசு வீடுகளிலிருந்து இழை பல்பை ஒழிக்கத் திட்டம் போட்டு, 2020 நவம்பர் முதல் அதன் விற்பனையை நிறுத்தப்போவதாக அந்த ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தது. மின்வாரியத்துக்கு அது நியாயம்தான். ஆனால் ஐந்து குஞ்சை அட்டைப்பெட்டியில் வளர்க்கும் வீட்டுக்காரர் கடைக்குப் போய் எல்.இ.டி. பல்பை வாங்கி மாட்டிவிட்டு, இவ்வளவு வெளிச்சம் இருந்தும் குஞ்சு ஏன் குவிகிறது என்று வியந்தார். நர்சரிக்காரர்கள் இப்போது அகச்சிவப்பு பல்புக்கு மாறிவிட்டார்கள். சிவப்பு வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவது குறைகிறது. அந்த வகையில் மாற்றம் நல்லதுதான். அதன் சூடு ஒரு புள்ளியில் குவிந்து விழுவதால் இன்னும் உயரமாகக் கட்ட வேண்டும், கட்டிய சங்கிலி நம்பகமாக இருக்க வேண்டும். காய்ந்த சுருளில் அது அறுந்து விழுந்தால் கொட்டகையே போகும்.

துலாமழைக் காலத்தில் இன்னொரு திறமை வெளிப்படும். ஐப்பசி மாலையில் கிழக்கே சஹ்ய மலைப்பக்கம் இருண்டு, இடி மின்னலோடு மழை இறங்கும். மின்சாரம் போகும், போகாவிட்டாலும் மின்னலுக்குப் பயந்து அணைத்துவிடுவார்கள். அப்போது சிரட்டைக் கரியை மண்சட்டியில் கனலாக்கி, மேலே துளையிட்ட தகரம் மூடி, செங்கல்மேல் தூக்கி நடுவில் வைப்பார்கள். சிரட்டைக் கரியின் கனல் புகையில்லாமல் நின்று எரியும், தென்னை கொடுக்கும் வரங்களில் ஒன்று. ஆனால் புகையில்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. மழைச் சாரல் அடிக்கிறதே என்று எல்லாப் படுதாவையும் இழுத்து மூடிக் கரிச்சட்டி வைத்தால் குஞ்சுகள் சத்தமில்லாமல் தூங்கி, எழாமல் போகும். படுதாவை மேலே ஒரு சாண் திறந்தே வைக்க வேண்டும். சாரல் உள்ளே வரக்கூடாது, மூச்சு வெளியே போக வேண்டும். இதைச் சொல்வது சுலபம், காற்று திசை மாறி மாறி அடிக்கும் இரவில் செய்வது வேறு.

முதல் தண்ணீரும் முதல் தீனியும் ஒரு சடங்குபோல நடக்கும். பெட்டி வந்ததும் முதலில் தண்ணீர்தான். கொஞ்சம் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து, குளிர் நீங்கிய தண்ணீர். ஒவ்வொரு பெட்டியிலும் சில குஞ்சுகளை எடுத்து அலகு நுனியை நனைத்துவிட்டால் போதும். மற்றவை பார்த்துக் கற்கும். பளபளப்பானதைக் கொத்தும் பிறவிக்குணம் குஞ்சுக்கு உண்டு. அதனால் குடிக்கும் தட்டில் கண்ணாடிக் கோலிகளைப் போடுவார்கள். கோலியைக் கொத்தப்போய்த் தண்ணீர் குடிக்கும், தட்டில் விழுந்து நனையவும் முடியாது. ஒரு சின்ன ஏற்பாட்டில் இரண்டு காரியம் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் வரும். பிறகு தீனி: சுருள்மேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் நொறுக்கிய மக்காச்சோளமும் இருபது விழுக்காடு புரதமுள்ள ஸ்டார்டர் தீனியும் தூவுவது. குஞ்சு காலால் தட்டும்போது தாளில் எழும் சரசரப்பே மற்றவற்றைக் கூப்பிடும். மனோரமாவா மாத்ருபூமியா என்பதில் குஞ்சுக்கு அபிப்பிராயம் இல்லை. வழவழப்பான வார இதழ்த் தாள் மட்டும் கூடாது. கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாக வழுக்கி, அப்படியே கோணிப்போகும்.

அன்றைய ராத்திரி சேச்சி செய்வதுதான் நான் மிகவும் ரசிக்கும் பகுதி. குஞ்சை ஒரு கையில் எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பார். மென்மையாக, உருண்டு, கொழகொழவென்று இருந்தால் தின்றும் குடித்தும் இருக்கிறது. கல்போல் இருந்தால் தீனி மட்டும், தண்ணீரைக் கண்டுபிடிக்கவில்லை. பலூன்போல் தளதளத்தால் தண்ணீர் மட்டும். ஒரு நாள் முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாப் பையும் நிரம்பியிருக்க வேண்டும். பிறகு குஞ்சின் காலைத் தன் கன்னத்தில் வைப்பார். சில்லென்றிருந்தால் விளக்கில் எத்தனை டிகிரி இருந்தும் பிரயோசனமில்லை, தரை குளிர்ந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இதையே காதில் வைக்கும் தெர்மாமீட்டரைக் குஞ்சின் ஆசனவாயில் வைத்து அளக்கச் சொல்கின்றன, 39.4-இலிருந்து 40.5 வரை இருக்க வேண்டுமாம். கன்னமும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொல்கிறது. கடைசியில் குஞ்சைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுவார். ஒரு குஞ்சுக்கு ஐந்து விநாடி. ஒன்றை வைத்துக்கொண்டே அடுத்ததை எடுக்கும் அந்தக் கையின் வேகத்தில் தவில் வித்வானின் விரல்களைத்தான் நினைக்கத் தோன்றும்.

தடுப்பூசி விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி. பாலோட்டில் மாநிலக் கால்நடைத் தடுப்பு மருந்து நிறுவனம் இருக்கிறது. ராணிக்கேத் நோய்க்கான மருந்து அங்கே தயாராகிறது. 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும், அடுத்த ஓரிரு வருடத்தில் நம் குமாவுன் மலையில் ராணிக்கேத்திலும் அடையாளம் காணப்பட்ட அந்த வெள்ளைக்கழிச்சல்தான் நாட்டுப்புறக் கோழிகளைக் கும்பல் கும்பலாகக் கொண்டுபோவது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, இரண்டாம் வாரத்தில் கம்போரோ என்னும் இன்னொரு நோய்க்கு, நான்காம் வாரம் நெருங்கும்போது ராணிக்கேத்துக்கு மறுபடி. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்ததும் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். சொட்டு விழுந்ததும் விட்டுவிடாமல், குஞ்சு கண்ணைச் சிமிட்டி அதை உள்ளே இழுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். வரிசை நீளும்போது முதலில் காணாமல் போவது இந்த ஒரு விநாடிதான். மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கொடுங்கள். சொட்டுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

இரவில் வரும் மரநாய், தரையைத் தோண்டி வரும் பெருச்சாளி, பகலில் ஓட்டுவழி இறங்கும் சாரை இவற்றுக்கெல்லாம் கம்பிவலை போதும். எறும்புக்குத்தான் யாரிடமும் முழு வழி இல்லை. தீனி சிந்திய இடத்துக்கு வரும் கடியெறும்பு, ஓய்ந்து கிடக்கும் ஒரு நாள் குஞ்சை விடாது. கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் வாய்க்கால் கட்டுபவர்கள் உண்டு. அது ஈரத்தை இன்னும் கூட்டுகிறது.

திருவிழாக் கடைகளில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் முக்கி விற்கும் குஞ்சுகளை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை. பெரும்பாலும் அவை முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள், பொரிப்பகத்துக்கு வேண்டாதவை. சாயத்தில் நனைத்த பஞ்சு, சூடில்லாத கூடை, நாளெல்லாம் குழந்தைகளின் கை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் செத்தால் குழந்தைக்கு ஏதோ கண்பட்டுவிட்டது என்பார்கள். ஒரு பெட்டியும் விளக்கும் இருந்திருந்தால் பாதியாவது சேவலாகிக் கூவியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோழி கொடுக்கும் கெப்கோவின் 'குஞ்ஞுகைகளில் கோழிக்குஞ்ஞு' திட்டம் எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், புரூடர் பருவத்தைத் தாண்டிய குஞ்சைத்தான் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்திருப்பது.

மூன்றாம் நாளே சிறகில் குருத்து தெரியும். தடுப்பு வட்டத்தை ஒவ்வொரு நாளும் ஒரு கை அகலம் விரித்துக்கொண்டே போய், பத்து நாளுக்குள் எடுத்துவிடுவார்கள். லெகார்ன் ரத்தம் உள்ளவை சீக்கிரம் இறகு போர்த்தும். கனத்த இனங்கள் நிதானம். அதனால் விளக்கை எப்போது நிறுத்துவது என்பதற்குத் தேதி கிடையாது, முதுகைப் பார்த்துத்தான் முடிவு. சித்திரையில் இரண்டாம் வாரமே பகலில் விளக்கு வேண்டாம். ஆடியில் நான்காம் வாரமும் ராத்திரிக்கு வேண்டியிருக்கும். நிறுத்தும் முறையிலும் ஒரு நயம் உண்டு. மூன்று வாரம் வெளிச்சத்திலேயே வளர்ந்தவற்றுக்கு இருட்டு என்றால் என்னவென்றே தெரியாது. ஒரேயடியாக அணைத்தால் பயந்து குவியும், தடுப்பு எடுத்துவிட்ட கொட்டகையில் இப்போது மூலைகளும் உண்டு. ஆகவே முதலில் பகலில் அணைத்து, பிறகு முன்னிரவில் சில நிமிடம் இருட்டைக் காட்டி, கடைசியில் ஒரு சிறு இரவு விளக்கோடு நிறுத்துவார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் கொண்டையையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கூட்டத்தின் சமன். ஒரே நாளில் வந்த குஞ்சுகளில் ஒன்று கொழுத்தும் ஒன்று புறாவளவுமாக இருந்தால், முதல் வாரத்தில் சிலவற்றுக்கு விளக்கும் தட்டும் கிடைக்கவில்லை. பின்பக்க இறகு சுத்தமாக இருக்க வேண்டும். காலின் செதில் வறண்டு சுருங்கியிருந்தால் அதற்குத் தாகம் தெரியும். உள்ளங்கால் மெத்தையில் கறுத்த புண் இருந்தால் அந்தக் கொட்டகையில் சுருள் மாற்றவில்லை. அதை வாங்கவே வேண்டாம். நெஞ்செலும்பை விரலால் தடவி, நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மாலை வெயில் தாழ்ந்தபின் காற்றோட்டமான பெட்டியில் கொண்டுபோங்கள், முதல் இரண்டு நாள் அதே நர்சரித் தீனியைக் கொடுங்கள். சேச்சி அதில் ஒரு கிலோ பொதிந்து தருவார், கேட்டால் மட்டும்.